சபா நிர்வாகிகள் பட்டியலைப் படிப்பது எப்படி? டெல்டாவின் கலை அமைப்புகளை நடத்துவோரின் பின்னணி

'புதிய நிர்வாகிகள் தேர்வு' என்ற தலைப்பில் டெல்டா மாவட்டங்களின் நாளிதழ்ப் பதிப்புகளில் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி வரும். தலைவர் அரிசி ஆலை உரிமையாளர், செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பொருளாளர் உரக்கடைக்காரர், துணைத் தலைவர் வழக்கறிஞர் என்று பட்டியல் நீளும். அமைப்பின் பெயரில் இசையோ நாட்டியமோ இருக்கும், பட்டியலில் ஒரு வித்வான்கூட இருக்கமாட்டார். இசைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி உடனே எழும். வித்வானே தலைவராக வந்துவிட்டாலோ, 'இனி அவர் சீடர்களுக்குத்தான் மேடை' என்ற பேச்சு கிளம்பும்.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒருவரின் தொழிலை மட்டும் வைத்து அவர் தகுதியானவரா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது. எந்தப் பின்னணி உள்ளவர் எந்தப் பொறுப்பில் அமர்ந்திருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கலையை உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு அந்த மேசையில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதிகாரம் யாரிடம்?

விழா நோட்டீஸில் மேலே பெரிய எழுத்தில் வரும் கௌரவத் தலைவர், புரவலர், காப்பாளர் ஆகியோருக்குப் பெரும்பாலும் நிர்வாக அதிகாரம் கிடையாது. சங்கம் தனக்கென எழுதிவைத்த துணைவிதியில் இருந்தால் மட்டுமே அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பு. முடிவெடுப்பது நிர்வாகக் குழு. அதிலும் அன்றாடக் காரியம் இரண்டு பேரிடம் இருக்கிறது. கடிதம், கூட்டம், கலைஞர்களோடு பேச்சு எல்லாம் செயலாளரிடம். ரசீது புத்தகமும் காசோலையும் பொருளாளரிடம். ஒரு சபா எந்தத் திசையில் போகும் என்று தெரிய வேண்டுமானால் தலைவர் பெயரைத் தாண்டி இந்த இருவரையும் பாருங்கள்.

பெரும்பாலான சபாக்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. அந்தச் சட்டம் சொல்வதில் நமக்கு வேண்டியவை:

1. சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது.
2. குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. இருபது வருடம் ஒருவரே செயலாளராக இருப்பது இந்த வழியில்தான்.
3. உறுப்பினர் பதிவேட்டில் பெயர், முகவரி, தொழில் மூன்றும் இருக்க வேண்டும். குழுவில் ஆள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.
4. கலையறிவு, இசைப் படிப்பு, மேடை அனுபவம் எதையும் சட்டம் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் சங்கமே தன் துணைவிதியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டெல்டாவின் பல சபாக்கள் இந்த நான்காவது விஷயத்தைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. 'குழுவில் இருவராவது தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும்' என்று துணைவிதியில் ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிச் சர்ச்சை எழுந்தே இருக்காது.

அறக்கட்டளை வேறு வகை. அங்கே தேர்தல் கிடையாது. பத்திரம் எழுதியவர் யாரை அறங்காவலராக நியமித்தாரோ, அடுத்தவரை நியமிக்க என்ன வழி சொன்னாரோ, அதன்படிதான் நடக்கும். ஒரே குடும்பத்துப் பெயர்கள் தொடர்ந்து வந்தால், முதலில் அது சங்கமா அறக்கட்டளையா என்று கேளுங்கள்.

நெல்லும் நன்கொடையும்

அரிசி ஆலைக்காரர் ஏன் இசைவிழாத் தலைவர் என்பதற்குப் பதில் வயலில் இருக்கிறது. சம்பா அறுவடை தையை ஒட்டி வரும். கையில் பணம் புழங்கும் அந்த நாட்களில்தான் உற்சவமும் கச்சேரியும் நாடகமும் நடக்கும். முன்பு மிராசுதார் நெல்லாகக் கொடுத்தார். பந்தல் அவர் செலவு, சமையல் அவர் வீட்டில், வித்வானுக்குத் தங்கல் அவர் திண்ணையில். ஆதீனங்களும் இதே பணியைச் செய்தன. திருவாவடுதுறை ஆதீன வித்வானாக இருந்தவர்தான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. பண்ணைகள் பிரிந்தன, பல குடும்பங்கள் சென்னைக்குப் பெயர்ந்தன. அந்த இடத்துக்கு இரண்டு வகையினர் வந்தார்கள். ஒரு பக்கம் நெல் வியாபாரி, ஆலைக்காரர், உரக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று பணம் உள்ளவர்கள். மறுபக்கம் ஆசிரியர், வக்கீல், வங்கி மற்றும் ஆயுள் காப்பீட்டு ஊழியர் என்று எழுத்துவேலை தெரிந்தவர்கள். 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு சிறு ஊர்களிலும் கிளைகள் பெருகின. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள்தான் இன்று பல சபாக்களின் பொருளாளர்கள்.

வயலோடு உள்ள இந்தப் பிணைப்பு அறுந்துபோகவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் குறுவை தவறினால் அடுத்த தையில் ரசீது புத்தகம் மெலியும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையைச் சாய்த்தபோது புரவலர்களின் வருமானமும் சேர்ந்தே சாய்ந்தது. தலைமையில் எல்லோரும் ஒரே பயிரை, ஒரே வணிகத்தை நம்பியவர்களாக இருப்பது ஓர் அமைப்புக்கு ஆபத்து.

திருவையாறு: மூன்று கட்சிகள், மூன்று பின்னணிகள்

தலைமையின் பின்னணி ஒரு விழாவின் வடிவத்தையே எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்குத் திருவையாற்றில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு டெல்டாவில் இல்லை.

தியாகராஜர் 1847 ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமி அன்று மறைந்தார். சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903-இல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைச் செப்பனிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற சகோதரர்கள் ஆராதனையை விழாவாக வளர்த்தார்கள். அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்தது. 1910 வாக்கில் அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்னக் கட்சி என்று விழா இரண்டானது. பின்னாளில் பெரிய கட்சியை முன்னின்று நடத்தியவர் ஹரிகதை விற்பன்னர் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர். சின்னக் கட்சியில் வயலின் வித்வான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை.

இரு தலைமையும் கலைஞர்கள்தான். சீடப் பரம்பரை என்ற உரிமையும் மேடையின் மதிப்பும் அவர்களிடம் இருந்தன. இசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இரு கட்சியிலும் பெண்களுக்கு மேடை கிடையாது. சமாதி இருந்த நிலத்தைச் சீர்செய்து நிலையான கட்டடம் எழுப்பும் வேலையும் முடியவில்லை.

அந்த வேலையைச் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், பல மொழி கற்றவர், கச்சேரி செய்து தானே சம்பாதித்தவர். சொந்தச் சேமிப்பையும் நகையையும் போட்டு நிலம் பெற்று, 1921-இல் அடிக்கல் நாட்டி, 1926 ஜனவரியில் கோயிலுக்குக் குடமுழுக்கு செய்தார். அப்படியும் முன்னே பாட இடம் மறுக்கப்பட்டது. அவர் பெண்களைத் திரட்டிக் கோயிலின் பின்புறம் தனி ஆராதனை நடத்தினார். அதுவே பெண்கள் கட்சி.

இந்த வரலாறு ஒன்றைக் கண்கூடாகக் காட்டுகிறது. கட்டடம் எழுப்பிய பணமும் உழைப்பும் ஒரு பின்னணியிலிருந்து வந்தன. விழாவின் அதிகாரம் வேறு பின்னணியினரிடம் இருந்தது. அந்த இடைவெளி இருந்தவரை விழா துண்டுபட்டே கிடந்தது.

மூன்று கட்சிகளையும் இணைத்த முயற்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய்.கிருஷ்ணசாமிக்கும் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயருக்கும் முக்கியப் பங்கு உண்டு. 1940-இல் தியாகப்பிரம்ம மகோத்சவ சபா உருவாகி, 1941-இலிருந்து விழா ஒன்றானது. பெண்களும் பாடினார்கள். எந்தக் கட்சியையும் சேராத அதிகாரி ஒருவரும், எல்லோரும் மதித்த வித்வான் ஒருவரும் சேர்ந்தபோதுதான் இது நடந்தது. சச்சரவு முற்றிய எந்த அமைப்புக்கும் இந்தச் சேர்க்கை பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

பிற்காலத்தில் தலைமை நிலமும் அரசியலும் உள்ள குடும்பத்துக்குப் போனது. கபிஸ்தலத்தைச் சேர்ந்த ஜி.கே.மூப்பனார் சபாவை நெடுங்காலம் வழிநடத்தினார். அவருக்குப் பின் அவர் மகன் ஜி.கே.வாசனும் தலைமைப் பொறுப்பேற்றார். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தார். தலைமைக்குச் செல்வாக்கு, செயலாளர் பதவிக்குக் கலைஞர் என்ற இந்தப் பகிர்வைத்தான் இன்று பல சிறு சபாக்களும் பின்பற்றுகின்றன. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சமாதிக் கோயில் நாகரத்தினம்மாள் பெயரிலான அறக்கட்டளையைச் சேர்ந்தது, விழா நடத்துவது சபா. இடமும் விழாவும் ஒரே அமைப்புடையவை என்று எண்ணிக்கொண்டு செய்தி படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மெலட்டூர்: ஊரே தகுதி

பாபநாசம் வட்டத்து மெலட்டூரில் கணக்கு வேறு. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். நாடகங்கள் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதியவை. நடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியிலோ கம்பெனியிலோ வெளியூரில் வேலை, வருடத்தில் சில நாள் ஊருக்கு வந்து வேடம். தலைமை தாங்குபவரே மேடையிலும் நிற்பார். 1930-களில் இந்தக் கலை மீண்டும் வெளியுலகின் கண்ணில் படக் காரணமானவர்களில் ஒருவர் இ.கிருஷ்ண ஐயர். அவர் வக்கீல், ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்.

இங்கும் ஒன்றுக்கு இரண்டாக அமைப்புகள் உள்ளன. பரம்பரைத் தலைமையில் கலையின் நுணுக்கம் கைமாறாமல் நிற்கும். ஆனால் அடுத்த தலைமுறை அமெரிக்காவில் குடியேறிவிட்டால் வேடத்துக்கும் ஆள் இல்லை, பதவிக்கும் ஆள் இல்லை என்ற நிலை ஒரே நாளில் வரும்.

எந்தப் பின்னணி எதைத் தரும், எங்கே சறுக்கும்

1. வணிகர், நிலக்காரர். முன்பணம் கொடுக்க, மழை வந்தால் இரவோடு இரவாகத் தகரப் பந்தல் போட இவர்களால் முடியும். பற்றாக்குறையைச் சொந்தப் பையிலிருந்து நிரப்பிவிடுவதால் கணக்கு எழுதும் பழக்கமே போய்விடும் என்பது குறை. அவர் விலகும் ஆண்டில்தான் விழாவின் உண்மைச் செலவு யாருக்கும் தெரியாது என்பது வெளிவரும். அவர் கொடுப்பதையும் ரசீது போட்டு நன்கொடையாகவே வரவு வைக்க வேண்டும்.

2. வங்கி, அலுவலக ஓய்வாளர். ஒரு தொழில்முறைக் கலைஞருக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டிக் கொடுத்தால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு என்பதும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்குக் கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை நினைவில் வைத்து நிகழ்ச்சி நிரல் போடுவார்கள். இவர்களிடம் உள்ள குறை, போன வருட நிரலையே தேதி மாற்றி அச்சடிப்பது. புது வாத்தியமும் புது முகமும் உள்ளே வராது. பணியில் இருக்கும் மத்திய அரசு ஊழியர் சங்கத்தில் தேர்தல் மூலம் பதவி வகிக்க முன் அனுமதி வேண்டும். இதை மறந்து மனு போட்டு, பிறகு விலகியவர்கள் உண்டு.

3. கலைஞர். யாரை எந்த நேரத்தில் உட்காரவைப்பது, எந்தப் பக்கவாத்தியம் பொருந்தும், மேடையில் மைக் எத்தனை, தவிலுக்கு எவ்வளவு தள்ளி வைப்பது என்பதெல்லாம் வித்வானுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நலன் முரண்தான் அவருடைய சிக்கல். தன் பெயர், தன் சீடர் பெயர், தன் போட்டியாளர் பெயர் மூன்றும் அவர் கைவழியே போகின்றன. தன்னைச் சார்ந்தவரின் பெயர் வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும், போனார் என்பதும் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு வழக்கம் இருந்தாலே சந்தேகம் அடங்கும்.

4. அரசியல்வாதி. காவல்துறை அனுமதி, கூடுதல் பேருந்து, குடிநீர், தற்காலிக மின் இணைப்பு எல்லாம் ஒரு போனில் நடக்கும். ஆட்சி மாறினால் அதே கதவு மூடும். கலைஞர்கள் கட்சிச் சாயத்துக்கு அஞ்சி ஒதுங்குவதும் உண்டு. இவர்கள் புரவலராக இருப்பது நல்லது, காசோலையில் கையெழுத்திடுபவராக இருப்பது நல்லதல்ல.

5. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஊரில் வீடும் குலதெய்வமும் இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். தன் ஊர்ப் பையன்தானே என்று சாதாரணக் கணக்கில் வரவு வைத்துச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் சின்னச் சபாக்களுக்கு அதிகம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

எந்த விழாவும் மங்கல இசையோடு தொடங்கும். நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் டெல்டாவில் ஒரு காரியமும் இல்லை. நரசிங்கம்பேட்டையில் கடைந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினோம். அதே நாதஸ்வரக் கலைஞர் எத்தனை சபாக்களின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்? தப்பாட்டம், கரகாட்டம், பொய்க்கால் குதிரை ஆடுபவர்கள் ஊர்வலத்தின் முன்னால் வருவார்கள், கூட்ட அறிவிப்பில் வரமாட்டார்கள். பெண்கள் பெரும்பாலும் 'விழாக் குழு' அளவில் கோலத்துக்கும் வரவேற்புக்கும் நிற்கிறார்கள்.

இதன் விளைவு சன்மானத்தில் தெரியும். மாலைக் கச்சேரிக்கு வரும் பாடகரோடு தொகை முன்கூட்டியே பேசி முடியும், பயணச் செலவு தனி. காலையில் வாசித்த நாதஸ்வரக் குழுவுக்கு விழா முடிந்த பிறகு, மிச்சத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். குழுவில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் இருந்தால் செட்டில் எத்தனை பேர், சுருதிக்கு ஒத்து ஊதுபவர் யார், தாளம் யார், எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுத் தொகையை முதலிலேயே எழுதவைப்பார். அதனால்தான் இதைப் பெருமைக்கான பிரதிநிதித்துவம் என்று நான் பார்க்கவில்லை. அவர்களுடைய கூலி சரியாகக் கணக்கிடப்படுவதற்கே அது வேண்டும்.

உறுப்பினர் பார்க்க வேண்டியவை

1. உறுப்பினர் பதிவேடு. சந்தா கட்டியவர் பெயர் அதில் ஏறியிருக்கிறதா? தேர்தலுக்கு முந்தைய மாதம் ஒரே தெருவிலிருந்து, ஒரே கையெழுத்தில், பல ஆயுள் உறுப்பினர்கள் சேர்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

2. மினிட் புத்தகம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவர் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே உடனே தலைவர் கையெழுத்து என்று இருக்க வேண்டும். தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே நான்கு விரல் அளவு வெற்றிடம் விட்டிருந்தால், பின்னால் ஏதோ சேர்க்க இடம் விட்டதாகவே கொள்ள வேண்டும். பக்க எண் அச்சிட்ட, தைத்த புத்தகம்தான் வேண்டும். கழற்றி மாட்டும் கோப்பு கூடாது.

3. வங்கிக் கணக்கு. செயலாளர், பொருளாளர் இருவரும் சேர்ந்து இயக்குவதாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருந்தால் இரட்டைக் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

4. பதிவாளரிடம் தாக்கல். ஆண்டுக் கணக்கும் குழு மாற்றமும் ஒழுங்காகத் தாக்கலாகியிருக்கிறதா என்பதைக் கட்டணம் செலுத்தி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பல ஆண்டு தாக்கல் செய்யாமல் விட்டு, மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது பலருக்குத் தெரியவரும். இயல் இசை நாடக மன்றமோ, தஞ்சையில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையமோ, யாரிடம் உதவிக்குப் போனாலும் பதிவுக் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால்தான் பேச்சு நகரும்.

5. புகார். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் இரண்டு தரப்பும் 'நாங்களே தேர்ந்தெடுக்கப்பட்ட குழு' என்று சொல்லும்போது யார் சரி என்று இறுதியாகத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வழக்கு முடியும்வரை வங்கிக் கணக்கு முடங்கினால் அந்தத் தையில் பந்தல்கால் நட முடியாது. ஆகவே பதவிக்காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே உறுப்பினர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை வாங்கி, சங்கத்தில் சேராத வழக்கறிஞர் ஒருவரைத் தேர்தல் அலுவலராக வைத்துத் தேர்தலை முடித்துவிடுவது நல்லது.